கைமாறி வந்த அரக்குப் பெட்டி: மூலை உடைஞ்சு பூச்சு உரியுது, வீட்டிலேயே சரிபண்ண முடியுமா?

பெட்டகம்27 (கேள்வி)

பழைய பொருளா வாங்கின பெட்டி. 22 × 15 செ.மீ., உயரம் 9 செ.மீ. கருப்பு நிறம், மூடி மேல பொன்னிறத்துல நாணலும் ரெண்டு பறவையும். கீல் கிடையாது, மூடியை அப்படியே தூக்கி எடுக்கிற மாதிரி. "ஜப்பான் அரக்கு வேலை"ன்னு சொல்லி வித்தாங்க. அடியில எழுத்து, முத்திரை எதுவும் இல்லை.

என்னென்ன பழுது:

1. மூடியோட ஒரு மூலை உடைஞ்சிருக்கு. 12 மி.மீ. நீளம், 8 மி.மீ. அகலம், 3 மி.மீ. ஆழம். உள்ளே மரம் தெரியுது. உடைஞ்ச துண்டு கூட வரலை.
2. மூடி மேல நீளவாக்குல 6 செ.மீ. விரிசல், அகலம் அரை மி.மீ. இருக்கும்.
3. விரிசலோட ரெண்டு கரையிலயும் பூச்சு செதில் செதிலா தூக்கிட்டு நிக்குது. லேசா அழுத்தினா "டிக்"னு சத்தம் வருது.
4. ஒரு பக்கச் சுவர் மட்டும் மங்கிப் பழுப்பா இருக்கு. ஈரத்துணியால ஒரு தடவை துடைச்சதுல அங்கே வெள்ளை பூத்துடுச்சு.
5. மூடி மேல மட்டும் பிசுபிசுன்னு ஒரு மினுமினுப்பு.

கையில இருக்கிறது: சூப்பர் க்ளூ, ரெண்டு டியூப் எபாக்சி, கருப்பு ஸ்ப்ரே பெயின்ட், வாட்டர் பேப்பர் 400, 800, 1500. மொத்தமா தேய்ச்சுட்டு ஸ்ப்ரே அடிச்சுடலாம்னு தோணுது. சாப்பாடு வைக்கப் போறதில்லை, சில்லறைச் சாமான் போடத்தான். என்ன செய்யலாம்?

---

வஜ்ஜிரக்கட்டி

முதலில் ஸ்ப்ரே டப்பாவுக்கு மூடி போட்டு உள்ளே வையுங்கள். ஈரத்துணியையும்தான்.

தமிழில் நமக்கு ஒரு சங்கடம் உண்டு. "அரக்கு" என்ற ஒரே சொல்லில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல பூச்சுகளைச் சொல்லிவிடுகிறோம். அரக்குப்பூச்சி சுரப்பது ஒன்று, அதுதான் செல்லாக். ஜப்பான், சீனா, கொரியா பக்கத்து மரத்தின் பாலில் செய்வது இன்னொன்று; அதற்கு உருஷி என்று பெயர். பர்மியப் பெட்டிகளில் இருப்பது திட்சி, அது வேறு மரம். இவை போக தின்னரில் கரையும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், பாலியூரித்தேன், பிளாஸ்டிக் உடம்புக்கு மேல் அடித்த பெயின்ட் என எல்லாமே சந்தையில் "அரக்குப் பெட்டி"தான். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றை அழித்துவிடும். எனவே பழுதைத் தொடும் முன் பூச்சு என்ன என்று பாருங்கள்.

உடைந்த மூலையே நல்ல சாட்சி. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸும் பக்கவாட்டில் பிடித்த டார்ச்சும் போதும். மரத்துக்கு மேல் துணி இழையோ, சாம்பல் அல்லது பழுப்பு நிற அடிப்பூச்சோ, அதற்கும் மேல் தாள் கனத்துக்கும் குறைவான கருப்புப் படலமோ தெரிந்தால் உருஷி வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். மரத்தின் மேல் நேராகக் கருப்பு வழவழப்பு ஒட்டியிருந்தால் பிற்காலப் பூச்சு. மரமே இல்லாமல் ஒரே சீரான பழுப்புப் பொருளாக இருந்து, அச்சு இணைப்புக் கோடும் தெரிந்தால் பிசின் வார்ப்பு.

அடுத்தது பஞ்சுக்குச்சி சோதனை. பெட்டியின் உட்புற அடியில், பொன் வேலை இல்லாத இடத்தில், அரிசி அளவு. மூடி மேல் தனியாக இன்னொரு இடம்.

வெள்ளை ஸ்பிரிட் (பெட்ரோலியத்தில் எடுக்கும் பெயின்ட் கரைப்பான், எரிசாராயம் அல்ல) தொட்டு ஐந்து விநாடி உருட்டுங்கள். மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் மட்டும்தான் வர வேண்டும். காய்ந்ததும் எத்தனாலில் குச்சியை நனைத்து, டிஷ்யூவில் ஒற்றியெடுத்து, ஐந்து விநாடி. பஞ்சில் பழுப்பு ஏறி இடம் பிசுபிசுத்தால் செல்லாக். ஒன்றும் ஆகவில்லை என்றால் அதே அளவில் அசிட்டோன். உடனே இளகினால் நைட்ரோசெல்லுலோஸோ அக்ரிலிக்கோ. மூன்றுக்கும் அசையாமல் இருந்தால் உருஷி அல்லது பாலியூரித்தேன். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல மறுபடி உடைந்த மூலைதான். மங்கிய சுவரில் மட்டும் எத்தனால், அசிட்டோன் இரண்டையும் வைக்க வேண்டாம். காரணம் பிறகு.

கடைசியாக ஒன்று: மூலையில் வெளியே தெரியும் அடிப்பூச்சின் மேல் ஊசிமுனையால் ஒரு துளி தண்ணீர். அரை நிமிடத்தில் சேறு மாதிரி குழைகிறதா, அப்படியே நிற்கிறதா? மலிவான ஏற்றுமதிப் பெட்டிகளில் அடிப்பூச்சு களிமண்ணையோ கரித்தூளையோ உருஷி இல்லாமல் வேறு பசையில் குழைத்ததாக இருக்கும். அது தண்ணீர் பட்டால் கரையும். உங்கள் செதில்களுக்கு எந்தப் பசை என்பதை இந்த ஒரு துளிதான் முடிவு செய்யும்.

---

உப்புத்தாள்400

மேலே சொன்னதோட இதையும் சேர்த்துக்குங்க. மொத்தமா தேய்ச்சு ஸ்ப்ரே அடிச்சா என்ன ஆகும்னு விலாவாரியா சொல்றேன், ஆசையே போயிடும்.

உருஷி மேல்படலம் ரொம்ப மெல்லிசு, பல பெட்டியில 0.1 மி.மீ. கூட வராது. 400 தாள் விளிம்புல நாலு இழுப்பு இழுத்தா அடிப்பூச்சு வெளிய வந்துடும், விளிம்புலதான் எப்பவும் முதல்ல தேயும். பொன் வேலை அதைவிட மெல்லிசு. அடுத்தது, முன்னாடி யாராவது சிலிக்கான் பாலிஷ் போட்டிருந்தா ஸ்ப்ரே ஒட்டாம மீன்கண்ணு மாதிரி குழி குழியா விலகும். மூணாவது, ஸ்ப்ரேல இருக்கிற தின்னர் தூக்கி நிக்கிற செதில் அடியில போய் இன்னும் தூக்கிவிடும்.

பழைய சிவப்புப் பெட்டி வச்சிருக்கிறவங்க கூடுதலா கவனிங்க. அந்தச் சிவப்பு பாதரச சல்ஃபைடா இருக்கலாம், அதாவது ஜாதிலிங்கம். அதை உலர வச்சுத் தேய்க்கவே கூடாது.

அந்த "டிக்" சத்தத்தைக் கேட்க இனிமே அழுத்தாதீங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு செதில் உடையுது. ஏற்கெனவே விழுந்த துணுக்கு பெட்டிக்குள்ள கிடக்கும், தட்டிக் கொட்டிடாம ஒரு தாள்ல மடிச்சு வைங்க. சோளப்பொரி உமி அளவு இருந்தாலும் அதோட இடத்துல திரும்பப் பொருந்தும்.

---

பெட்டகம்27

பார்த்துட்டேன். மூலையில: மரம், மெல்லிய துணி, சாம்பல் கலந்த பழுப்பு அடுக்கு, மேல கருப்பு. தண்ணீர்த் துளி அப்படியே நின்னுது, குழையலை. உள் அடியில எத்தனால், அசிட்டோன் ரெண்டுக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா மூடி மேல எத்தனால் வச்சதும் பஞ்சு டீ நிறமா மாறி இழுவையா வந்துச்சு. துணுக்கு ஆறு கிடைச்சுது, மடிச்சு வச்சிருக்கேன்.

---

வஜ்ஜிரக்கட்டி

அப்படியானால் கதை தெளிவு. உடம்பு உருஷி; அடிப்பூச்சும் உருஷி சேர்த்துக் குழைத்த தரமான வேலை. மூடி மங்கியபோது யாரோ செல்லாக் பூசி மினுக்கியிருக்கிறார்கள். நல்ல வேளை, பாலியூரித்தேனாக இருந்திருந்தால் எடுக்கவே முடியாது.

வரிசை முக்கியம்: ஈரப்பதம், செதில், செல்லாக், விரிசல், மூலை. செல்லாக்கை முதலில் துடைக்கப் போனால் பஞ்சு செதிலில் மாட்டி இழுத்துவிடும்.

ஈரப்பதம். விரிசல் வந்தது மரம் சுருங்கியதால். மரம் இழைக்குக் குறுக்கே சுருங்குகிறது, மேலே இருக்கும் படலம் அந்த அளவுக்குச் சுருங்க மறுக்கிறது. படலம் தூக்குவதும் அதனால்தான். பெட்டியை மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், 55–60 சதவீத ஈரப்பதத்தில், இரண்டு மூன்று வாரம் சும்மா விடுங்கள். ஒரு கிண்ணத்தில் ஈரப் பஞ்சு, பக்கத்தில் ஈரப்பதமானி. ஈரப் பஞ்சு பெட்டியைத் தொடக் கூடாது. 65-ஐத் தாண்டினால் டப்பாவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை. பல நேரம் அரை மி.மீ. விரிசல் பாதியாகக் குறையும், செதிலும் கொஞ்சம் படியும். ஏசி அறையிலோ சிலிக்கா ஜெல்லோடோ வைத்தால் எதிர்மாறாக நடக்கும்.

விரிசலைக் கிளாம்ப் போட்டு இறுக்கி ஒட்டலாமே என்று கேட்பீர்கள். கூடாது. சுருங்கிய மரத்தைக் கட்டாயப்படுத்தி மூடினால் அந்த இழுவிசை பக்கத்தில் வேறொரு இடத்தில் புது விரிசலாக வரலாம்.

செதில். உங்கள் அடிப்பூச்சு தண்ணீருக்குக் குழையாததால் வஜ்ஜிரம் போதும். முயல்தோல் பசையோ மாட்டுத்தோல் வஜ்ஜிரமோ, சுத்தமான ரகமாக இருக்கட்டும். 5 கிராம் பசையை 50 மி.லி. குளிர்ந்த காய்ச்சி வடித்த நீரில் மூன்று நான்கு மணி நேரம் ஊறவிட்டு, கிண்ணத்தைச் சுடுநீரில் வைத்து 55–60 டிகிரியில் கரையுங்கள். கொதிக்கவிட்டால் ஒட்டும் வலு போய்விடும். ஆறினால் கட்டியாகும், மறுபடி சூடுநீரில் வைத்துக் கொள்ளலாம். இரண்டு நாளுக்கு மேல் வைத்திருந்தால் நாற்றம் பிடிக்கும், கொட்டிவிடுங்கள்.

தூரிகை பூஜ்ஜியம் நம்பர். பசையைச் செதிலின் வாயில் தொட்டால் தானே உள்ளே இழுக்கும். நீங்கள் தள்ள வேண்டாம். இழுக்கவில்லை என்றால் முதலில் பாதித் தண்ணீர் பாதி எத்தனால் கலந்த ஒரு சிறு துளியை அடியில் விட்டு, உடனே பசையைத் தொடுங்கள். (மூடி மேல் செல்லாக் இருப்பதால் அந்தத் துளி மேலே வழியாமல் பார்த்துக் கொள்ளவும்.) ஒரே தடவையில் 2 செ.மீ. நீளத்துக்கு மேல் போகாதீர்கள். சூடான பசை இரண்டு நிமிடத்தில் இறுகத் தொடங்கிவிடும்.

வெளியே பிதுங்கியதை ஈரமும் இல்லாமல் உலர்வும் இல்லாமல் இருக்கும் பஞ்சால் உடனே ஒற்றி எடுங்கள். அதன் மேல் சிலிக்கான் பூசிய பேக்கிங் தாள் துண்டு, அதன் மேல் 3 மி.மீ. ரப்பர் அல்லது கம்பளித் துண்டு, அதன் மேல் 200–300 கிராம் எடை. தாள் இல்லாமல் துணியை நேராக வைத்தால் துணியின் நெசவு படலத்தில் பதியும், பிறகு போகாது. 24 மணி நேரம்.

விறைத்துச் சுருண்ட செதில் படியவில்லை என்றால் எடையைக் கூட்டாதீர்கள். உள்ளங்கையில் வைத்தால் சூடு தாங்கும் அளவு, 40–45 டிகிரி, சூடான உலோகத் தகட்டைத் தாளின் மேல் ஒரு நிமிடம் வைத்தால் படலம் தளரும். ஒரு நாளில் பாதி, மறுநாள் மீதி என்று படிய விடுங்கள்.

தண்ணீர்த் துளிக்கு அடிப்பூச்சு குழைந்தவர்களுக்கு இந்த வழி ஆகாது. பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை 5–10 சதவீதம் சைலீனில் கரைத்து இதே முறையில் ஊட்ட வேண்டும். அசிட்டோனில் கரைத்தால் உள்ளே போகும் முன்பே காய்ந்துவிடும். சைலீன் புகை கெடுதல். திறந்த வெளியும் கரிம ஆவிக்கான முகமூடியும் இல்லாமல் தொடாதீர்கள்.

செல்லாக். செதில் ஒட்டி இரண்டு நாள் ஆன பிறகு. எத்தனாலில் நனைத்து நன்றாக ஒற்றியெடுத்த பஞ்சுக்குச்சி, 2 × 2 செ.மீ. பரப்பு, தேய்ப்பது அல்ல, உருட்டுவது. மூன்று உருட்டலுக்கு ஒரு குச்சி. அதே குச்சியைத் தொடர்ந்தால் கரைந்த செல்லாக்கைப் பக்கத்தில் பூசிக்கொண்டு போவீர்கள். பஞ்சில் கருப்பு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள், அது அடியில் இருக்கும் உருஷி நலிந்துவிட்டது என்பதற்கு அடையாளம். பொன் வேலைக்கு 3 மி.மீ. முன்பே நின்றுவிடுங்கள். பொன்தூள் செல்லாக்கோடு சேர்ந்து வந்துவிடும். நாணலைச் சுற்றி மெல்லிய பழுப்பு வளையம் மிஞ்சும், மிஞ்சட்டும்.

---

சிப்பிவேலை

சூப்பர் க்ளூ பத்தி யாரும் எதுவும் சொல்லலை. அது இரண்டு வகையில் கெடுக்கும். ஒன்று, தண்ணீர் மாதிரி ஓடுவதால் செதில் அடியில் போனது மேலே ஏறி வழியும். இரண்டு, இறுகும்போது எழும் ஆவி சுற்றிலும் வெள்ளைப் பனி மாதிரி படியும். கருப்பில் அது கைரேகை வரை எடுத்துக் காட்டும் (தடயவியல் துறையினர் அந்த ஆவியை அதற்காகவே பயன்படுத்துகிறார்கள்). அதை எடுக்க அசிட்டோன் ஊற வேண்டும். எனவே சிப்பி பதித்த பெட்டியிலும்கூட விழுந்த சிப்பித் துண்டை வஜ்ஜிரத்தில்தான் ஒட்ட வேண்டும், 15–20 சதவீதக் கெட்டியில். சிப்பியின் அடியில் பழைய நிறமோ வெள்ளித்தாளோ இருந்தால் அதைச் சுரண்டாமல் ஒட்டவும். அந்த அடிநிறம்தான் சிப்பிக்கு ஒளி.

---

கருமெருகு

மூலைக்கு வருவோம். இரண்டு வழி இருக்கிறது. உருஷி வழி, அது இல்லாத வழி. இரண்டையும் சொல்கிறேன், தேர்ந்தெடுப்பது உங்கள் தோலைப் பொறுத்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உருஷி மரம், முந்திரி, மா, சேராங்கொட்டை எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். சேராங்கொட்டைப் பால் பட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு உருஷியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அதில் இருக்கும் உருஷியோல் பட்ட ஒன்று முதல் மூன்று நாளில் தடிப்பும் கொப்புளமும் அரிப்பும் வரும், இரண்டு மூன்று வாரம் நீடிக்கும். முதல் தடவை ஒன்றும் ஆகாமல் இரண்டாம் தடவை பலமாகத் தாக்குவதும் உண்டு. நைட்ரைல் கையுறை, நீளக்கை, மேசை மேல் தாள். தோலில் பட்டால் முதலில் சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்பு. முழுதாக இறுகாத பூச்சைத் தேய்க்கும் தூளுக்கும் அதே குணம். முற்றும் இறுகிய பழைய பெட்டியைத் தொடுவதில் பொதுவாகத் தொல்லை இல்லை.

உருஷி "காய்வது" கிடையாது. அதில் லாக்கேஸ் என்ற நொதி இருக்கிறது. அது காற்றில் உள்ள ஆக்சிஜனைக் கொண்டு பாலை இறுக வைக்கிறது. நொதி வேலை செய்ய ஈரம் வேண்டும்: 20–25 டிகிரி, 70–80 சதவீத ஈரப்பதம். வெயிலில் வைத்தாலோ மின்விசிறிக்கு அடியில் வைத்தாலோ வாரக்கணக்கில் பிசுபிசுவென்றே இருக்கும். ஒரு அட்டைப்பெட்டியில் பிளாஸ்டிக் விரித்து, பிழிந்த துணியை அடியில் போட்டு, மேலே மரக்குச்சி அடுக்கி அதன் மேல் மூடியை வைத்தால் போதும். 85-ஐத் தாண்டினால் மேல்தோல் அவசரமாக இறுகி, அடியில் பச்சையாகவே நின்று, சுருக்கம் விழும். தடிமனாகப் பூசினாலும் அதே சுருக்கம்தான்.

மூலையை நிரப்பும் முறை: உடைந்த மரத்தில் முதலில் பச்சை உருஷியை (நிறமல்ல, பதப்படுத்தாத பால்) டர்பன்டைனில் சரிபாதி நீர்க்கவிட்டு ஊறவைத்து, பிதுங்கியதைத் துடைத்து, ஒரு நாள் இறுக விடவும். இதைத் தவிர்த்தால் மரம் நிரப்பியின் பிசினை உறிஞ்சிக்கொண்டு, நிரப்பி பொடிந்து கழன்று விழும். பிறகு மைதாவைத் தண்ணீர் விட்டுக் காது மடல் பதத்துக்குப் பிசைந்து, அதே கொள்ளளவு பச்சை உருஷி சேர்த்து, இழுத்தால் நூல் வரும்வரை குழைக்கவும். அதில் நைசான மரத்தூளைச் சேர்த்து, கையுறை விரலில் ஒட்டாத பதம் வந்ததும் மூலையில் வைக்கவும். 3 மி.மீ. ஆழத்தை ஒரே தடவையில் அடைக்க வேண்டாம், 1.5 மி.மீ. வீதம் இரண்டு தடவை. நடுவில் ஐந்து ஆறு நாள்.

அதன் மேல் பட்டி. நைசான களிமண் பொடியைத் தண்ணீரில் பற்பசை பதத்துக்குக் குழைத்து, பொடி 10 பங்குக்கு உருஷி 7–8 பங்கு, கொள்ளளவில். உருஷி குறைந்தால் நகத்தால் சுரண்ட வரும். கூடினால் உள்ளே இறுகாது. ஒரு கோட் அரை மி.மீ.க்குள். இரண்டு மூன்று கோட் தேவைப்படும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளாவது. 400, பிறகு 800 தாளைத் தண்ணீர் தொட்டு, பென்சில் முனை அளவு கட்டையில் சுற்றி, பட்டியை மட்டும் தேய்க்கவும். சுற்றியுள்ள பழைய பரப்பில் மாஸ்கிங் டேப் ஒட்டுவது வழக்கம்; உங்கள் பெட்டியில் ஒட்டாதீர்கள், டேப்பைப் பிரிக்கும்போது படலமும் வரும். மெல்லிய பாலியஸ்டர் தாளைக் கையால் பிடித்துக்கொண்டு தேய்ப்பது நல்லது.

கடைசியாகக் கருப்பு உருஷி, வடிகட்டி, 0.03 மி.மீ. அளவுக்கு மிக மெல்லிதாக இரண்டு கோட். நடுவே 1500 தாள். கடைசிக் கோட் இறுகி இரண்டு வாரம் கழித்து, மெருகுப் பொடியில் ஒரு சொட்டு தாவர எண்ணெய் விட்டு விரல் நுனியால் மெருகேற்றலாம்.

---

உப்புத்தாள்400

கருமெருகு சொன்னது சரியான வழிதான், ஆனா 12 மி.மீ. மூலைக்கு ஒண்ணரை மாசமும் ஒரு தடிப்பும் தேவையான்னு யோசிங்க. உருஷி இல்லாத வழி இது, அஞ்சு நாள்ல முடியும்:

மரத்துல மட்டும் பாரலாய்டு பி-72, அசிட்டோன்ல 10 சதவீதம், ரெண்டு கோட். இது தடுப்பு அடுக்கு. பின்னால யாராவது ஒழுங்கா உருஷியிலயே செய்ய நினைச்சா, அசிட்டோன் ஊறவச்சு நிரப்பியை முழுசா கழட்டிடலாம். இதை விட்டுட்டு எபாக்சியை நேரா மரத்துல வச்சா அது இழையில இறங்கிடும். அப்புறம் எடுக்கணும்னா மரத்தோடதான் எடுக்கணும்.

மேல மரத்துக்கான எபாக்சி பட்டி, ரெண்டு பாகமும் சம அளவு, நிறம் ஒரே சீரா வர்ற வரைக்கும் பிசையணும். அரைகுறையா பிசைஞ்சா கோடு கோடா இறுகாமலே நிக்கும். மூலையில வச்சு, ஈர விரலால வடிவம் கொடுத்து, மேல்மட்டத்துக்கு ஒரு முடி கனம் கீழ நிறுத்துங்க. மேடா வச்சுட்டு அப்புறம் தேய்க்கிறவங்கதான் பக்கத்துப் பழைய பரப்பைக் கெடுக்கிறது. ரப்பர்ப் பதம் வந்ததும் பிளேடால சீவுனா பாதித் தேய்ப்பு மிச்சம். அந்தக் கடைசி முடிகனத்துக்கு சுண்ணாம்புப்பொடியை 10 சதவீத வஜ்ஜிரத்துல குழைச்ச பட்டி. அதுக்கு உப்புத்தாளே வேண்டாம், ஈரப் பஞ்சால இழுத்தாலே மட்டமாகும்.

அக்ரிலிக் நிறம், மேல பளபளப்பு அக்ரிலிக் வார்னிஷ் மூணு கோட். அவ்வளவுதான்.

---

கருமெருகு

பி-72 தடுப்போடு சொன்னதால் எதிர்ப்பில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை, இரண்டு வழியையும் கலக்காதீர்கள். அக்ரிலிக் மேல் உருஷி பூசினால் சரியாகப் பிடிக்காது. எபாக்சி நிரப்பி மேல் உருஷி பூசலாம் என்பவர்கள் உண்டு, ஆனால் 800 தாளால் சொரசொரப்பாக்காமல் பூசினால் தோல் மாதிரி உரிந்து வரும். உங்கள் பெட்டிக்கு, முதல் முயற்சி என்றால், உருஷி இல்லாத வழியே போதும் என்பேன்.

---

பெட்டகம்27

சரி, எபாக்சி வழியே போறேன். ரெண்டு சந்தேகம். மங்கின சுவரை என்ன பண்றது? அப்புறம் ஒரு பழைய சாமான்ல கருப்பு அக்ரிலிக் தீட்டிப் பார்த்தேன், பெட்டி பக்கத்துல வச்சா நீலமா தெரியுது. ஏன்?

---

வஜ்ஜிரக்கட்டி

நிறத்தில் இருந்து தொடங்குகிறேன். உங்கள் கண் சரிதான். பழைய உருஷிக் கருப்பு உண்மையில் மிக ஆழ்ந்த பழுப்பு. வயதாக ஆகப் படலம் கொஞ்சம் தெளிந்து, பழுப்பு இன்னும் தெரியும். டியூப் கருப்பு குளிர்ந்த கருப்பு. பத்துப் பங்கு கருப்புக்கு ஒரு பங்கு எரிந்த அம்பர் (ஆழ்ந்த பழுப்பு நிறமி), அதில் ஊசிமுனை அளவு இரும்புச் சிவப்பு. கலந்ததைக் கண்ணாடித் துண்டில் தீட்டி, காய்ந்த பின் வார்னிஷும் போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பெட்டி மேல் வைத்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது ஒப்பிடாதீர்கள், அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி இருளும். நிறம் நிரப்பி மேல் மட்டும் நிற்க வேண்டும். "கொஞ்சம் படர்த்திக் கலக்கலாம்" என்று பழைய பரப்பு மேல் இழுத்தால் 12 மி.மீ. பழுது 40 மி.மீ. ஆகும்.

அந்த மூலையில் பொன் கோடு ஓடியிருந்தால் பித்தளைத் தூள் கலந்த "கோல்டு பெயின்ட்" வேண்டாம், அது சில வருடத்தில் பச்சையும் பழுப்புமாகிவிடும். அப்ரகத் (மைக்கா) தூள் நிறமிகள் மாறாது. பொன் தேய்ந்த இடங்களில் அடியில் சிவப்பு தெரிகிறதா? பெரும்பாலும் அது அழுக்கோ பழுதோ அல்ல, பொன்தூள் தூவுவதற்கு அடியில் தீட்டிய சிவப்பு உருஷி. அதை விட்டுவிடுங்கள்.

மங்கிய சுவர். அந்தப் பக்கம் வருடக்கணக்கில் ஜன்னலைப் பார்த்து இருந்திருக்கும். உருஷி அமிலத்துக்கும் ஆல்கஹாலுக்கும் அசையாது, வெளிச்சத்துக்குத் தோற்றுவிடும். புற ஊதாக் கதிர் மேல்தோலைச் சிதைத்து, கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல் விழ வைக்கிறது. சிதைந்த தோல் அமிலத்தன்மை கொண்டு தண்ணீரில் ஓரளவு கரையவும் தொடங்கும். நீங்கள் ஈரத்துணி போட்டபோது நடந்தது அதுதான்: கரைந்தது, நகர்ந்தது, வெள்ளையாகக் காய்ந்தது. எத்தனாலும் அசிட்டோனும் அதே வேலையைச் செய்யலாம், அதனால்தான் அந்தச் சுவரில் சோதிக்க வேண்டாம் என்றேன்.

பழைய பளபளப்பை அங்கே மீட்க முடியாது, மேலும் கெடாமல் நிறுத்தலாம். மென்மையான ஆட்டுமுடித் தூரிகையால் தூசி. பிசுக்கு இருந்தால் வெள்ளை ஸ்பிரிட் தொட்ட பஞ்சு, உருட்டி. காய்ந்ததும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை (பெட்ரோலியத்தில் எடுக்கும் நுண்படிக மெழுகு) அரிசி அளவு எடுத்து, பஞ்சுத்துணியில் முழுதும் பரத்திவிட்டு, அந்தத் துணியால் சுவரை ஒரு தடவை தொட்டுப் போங்கள். பத்து நிமிடம் கழித்து வேறு துணியால் லேசாக. வெள்ளை பூத்த இடம் இதிலேயே பாதி மறையும், நுண்விரிசலில் மெழுகு நிரம்பி ஒளி சிதறுவது குறைவதால். தூக்கி நிற்கும் செதில் மேல் மெழுகு பட்டால் பிறகு பசை பிடிக்காது, ஆகவே செதில் வேலை முழுக்க முடிந்த பின்தான் மெழுகு. எலுமிச்சை எண்ணெய், டூத்பேஸ்ட், வெட் டிஷ்யூ எதுவும் அந்தச் சுவர் பக்கம் வர வேண்டாம்.

விரிசலில் மூன்று வாரம் கழித்து என்ன மிஞ்சுகிறதோ அதற்கு அதே சுண்ணாம்பு–வஜ்ஜிரப் பட்டி, அதில் கருப்புத் தூளைக் கலந்தே வைத்துவிடலாம். மரம் மறுபடி அசைந்தால் பட்டிதான் முதலில் பிளக்கும், படலம் பிளக்காது. எபாக்சியை விரிசலில் விடாதீர்கள்.

மூடி எடுக்கும்போது ஒரு கையால் உச்சியைப் பிடித்து இழுக்காமல், இரண்டு கையாலும் எதிரெதிர்ச் சுவரைப் பிடித்து நேராகத் தூக்குங்கள். மூடி இறுக்கமாக இருந்தால் நெம்ப வேண்டாம், பெரும்பாலும் உள்ளே காற்று நுழைய நேரம் வேண்டும் என்றுதான் பொருள். மெல்ல ஒரு மூச்சு விடும் நேரம் காத்தால் வந்துவிடும்.

---

பெட்டகம்27

டப்பாவும் ஈரப்பதமானியும் வச்சாச்சு. இப்போ 48 காட்டுது. விரிசல் பக்கத்துல பென்சிலால ஒரு தாள்ல அகலம் குறிச்சு வச்சிருக்கேன், வாரம் ஒரு தடவை பார்த்தா போதுமா?

---

உப்புத்தாள்400

போதும். தாள்ல குறிச்சதை விட, அதே இடம், அதே கோணம், பக்கத்துல மி.மீ. ஸ்கேல் வச்சு ஒரு போட்டோ. பஞ்சைத் தினமும் நனைக்காதீங்க, 48-ல இருந்து 55-க்கு ஒரு வாரம் எடுத்துக்கட்டும். ஒரே நாள்ல ஏத்தினா மரம் மேல்பக்கம் மட்டும் ஊதி மூடி வளையும்.